நரி மணப்பெண்ணின் மேல்மடிப்பு

நீ வந்தா நல்லா இருக்கும், வரலைன்னாலும் தப்பா நினைக்க மாட்டேன் என்று அம்மா சொல்லி முடிக்கும்போது பின்னால் குக்கர் விசில் அடித்தது, அதோடு குரல் பதிவு நின்றுவிட்டது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டேன். பிறகு பெருங்குடிக்கு வரும் ஷேர் ஆட்டோவில் இயர்போனை மாட்டிக்கொண்டு இன்னொரு தரம், ஆபீஸ் லிஃப்டில் இன்னொரு தரம். இப்போது போனைக் கவிழ்த்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, திரையில் நிற்கும் நரி மணப்பெண்ணின் தலைத்துணிக்கு மடிப்புகள் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். கை மடிப்பில் இருக்கிறது, மனசு அந்த விசிலில் நிற்கிறது. விசில் வந்ததால் நிறுத்தினாளா, நிறுத்த ஒரு சாக்கு கிடைத்தது என்று நிறுத்தினாளா. அம்மா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் நூலகர், பேசும்போதுகூட ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்த இடத்தில் திருப்பி வைப்பவள் மாதிரிதான் முடிப்பாள். சொன்ன விஷயமும் முழுசாகத்தான் இருந்தது. வருகிற வியாழக்கிழமை காலை ரிஜிஸ்டர் ஆபீஸ், அவளும் மணவாளன் சாரும் கையெழுத்துப் போடப்போகிறார்கள், மாலை மாற்றுவார்கள், மண்டபம் கிண்டபம் ஒன்றும் கிடையாது. மணவாளன் சார் அதே கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர், பிள்ளைகளுக்கு பி.டி. சார். கல்யாணமே செய்துகொள்ளாதவர். பேர் மட்டும் மணவாளன். அதை நினைத்து லிஃப்டில் தனியாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தான், சிரித்ததற்காக உடனே என்மேலேயே எரிச்சல் வந்தது. சிரிக்கிற விஷயமா இது. அழுகிற விஷயமும் இல்லை. என்ன மாதிரி விஷயம் என்று தெரியாததால்தான் பதில் அனுப்பாமல் வைத்திருக்கிறேன், அம்மாவின் பதிவுக்குக் கீழே நான் கேட்டுவிட்டேன் என்பதற்கான நீல அடையாளம் விழுந்திருக்கும், அவளும் அதைப் பார்த்திருப்பாள்.

மடிப்பு சரியாக விழவில்லை. பட்டு கனமான துணி, தலையைச் சுற்றிவரும்போது காதுக்கு மேலே ஒரு இடத்தில் தளர வேண்டும், நான் செதுக்கியது காகிதம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. ஜப்பானில் ஒரு கம்பெனி வீடியோ கேம் ஒன்று தயாரிக்கிறது, அதில் வரும் உருவங்களில் சிலவற்றை அவர்கள் வரைந்து அனுப்ப, சென்னையில் நாங்கள் அவற்றைக் கணினியில் பொம்மையாகச் செதுக்கித் தருகிறோம். இந்த மணப்பெண் நரிக்கூட்டத்தைச் சேர்ந்தவள். மனுஷ உருவத்தில் இருப்பாள், கண்ணோரத்தில் மட்டும் சிவப்புக் கோடு, குனிந்து தண்ணீரைப் பார்த்தால் பிம்பத்தில் நரி முகம் தெரியும். உச்சியிலிருந்து பாதம்வரை வெள்ளை. அவர்கள் ஊரில் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைதான் என்று வரைபடங்களோடு வந்த குறிப்பில் எழுதியிருந்தது, பிறந்த வீட்டைப் பொறுத்தவரை அவள் செத்துப்போகிறாள், இனிமேல் போகிற வீட்டின் சாயம் ஏறட்டும் என்று வெறும் வெள்ளையாகப் போகிறாளாம். தலையில் கட்டும் இந்தத் துணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கே கொம்பை மறைப்பது என்று அர்த்தம். பொண்ணாகப் பிறந்தவளுக்குப் பொறாமையும் பிடிவாதமும் கொம்பாக முளைக்கும், கல்யாணத்தன்று அது வெளியே தெரியக்கூடாது. முதல் தடவை படித்தபோது, மாப்பிள்ளைக்குக் கொம்பே கிடையாதாமா என்று டீமில் எல்லோரும் சிரித்தோம். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. துணியைச் சற்று விலக்கி உள்ளே மண்டையின் வடிவத்தைப் பார்க்கிறேன், வழவழவென்று இருக்கிறது, நான்தான் செய்தேன், கொம்பெல்லாம் ஒன்றும் இல்லை. என் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். கிளிப் குத்துகிறது. அம்மா வெள்ளைப் புடவை கட்டியதில்லை, அப்பா போனபிறகும் யாரும் கட்டச் சொல்லவில்லை, அந்தக் காலமெல்லாம் இல்லை. ஆனால் எப்படியோ அலமாரியில் நிறங்கள் ஒவ்வொன்றாக வடிந்துபோயின. பிஸ்கட் நிறம், சாம்பல், நனைந்த மணல். ஒரே நாளில் நடந்திருந்தால் கேட்டிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததால், அம்மாவுக்கு இதெல்லாம்தான் பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். பிறந்தநாளுக்கு நானே ஒரு மணல் நிறப் புடவை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ரொம்ப நல்லா இருக்குடி என்று சொல்லி அதைத்தான் அடிக்கடி கட்டினாள். என்ன நினைத்துக்கொண்டு கட்டினாளோ.

தலைத்துணியை விட்டுவிட்டுக் கீழே கழுத்துக்கு வந்தபோதுதான் கண்ணில் பட்டது. மார்பில் ஒன்றன்மேல் ஒன்றாக மடியும் அந்த அங்கியில் எந்தப் பக்கத் துணி மேலே வருகிறது என்று ஒரு கணக்கு உண்டு. உடுத்தியிருப்பவரின் இடப்பக்கத் துணி மேலே வந்தால் அவர் உயிரோடு இருக்கிறார். வலப்பக்கத் துணி மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. இதே விளையாட்டுக்குப் போன மாதம் ஒரு சத்திரக்காரியைச் செய்தபோது அவர்கள் குறிப்பிலேயே இதை எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். என் மணப்பெண்ணுக்கு வலப்பக்கம் மேலே இருக்கிறது. பாதி உடம்பைச் செய்துவிட்டு மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டிக்கொள்வது எங்கள் வழக்கம், அதில்தான் திரும்பிவிட்டதோ என்று பயந்து அவர்கள் அனுப்பிய படத்தைத் திறந்தேன். படத்திலும் வலப்பக்கம்தான் மேலே. அப்படியானால் நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன், தப்பு அவர்களுடையது. அல்லது தப்பே இல்லை, அவள் செத்தவள், கதையில் அப்படி வருகிறது, எங்களுக்குச் சொல்லவில்லை. கதையை எங்களுக்கு யாரும் முழுசாகச் சொல்வதில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது என் தோளில் ஒரு கை விழுந்த மாதிரி இருந்தது, திரும்பினால் யாரும் இல்லை, அது பெரியப்பாவின் கை, அந்த நாளுடையது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் காலேஜ் முதல் வருஷம், ஹாஸ்டலிலிருந்து பஸ்ஸில் வந்த உடையோடு நின்றேன். கையில் அரிசியைக் கொடுத்துச் சுற்றி வரச் சொன்னார்கள், நான் கோயிலில் நடக்கிற பழக்கத்தில் வலமாக நடக்க ஆரம்பித்தேன். பெரியப்பா என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பிவிட்டார். "அந்தப் பக்கம் இல்லைம்மா. இன்னைக்கு இடப்பக்கமா சுத்தணும்." அதட்டவில்லை, ரொம்பவும் அன்பாகத்தான் சொன்னார். அப்போதுதான் எனக்கு அப்பா செத்துப்போனது உறைத்தது. அதுவரை எல்லோரும் அழுவதையும் ஊதுவத்திப் புகையையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உலகத்தில் எல்லாவற்றையும் திருப்பிச் செய்கிற ஒரு நாள் உண்டு, அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று கால்தான் முதலில் தெரிந்துகொண்டது. எனக்குப் பின்னால் அம்மா இடப்பக்கமாகச் சுற்றினாள். தப்பாக நடக்கவே இல்லை. யாரும் அவளைத் திருப்பிவிட வேண்டியிருக்கவில்லை.

"கொம்பு மூடி முடிஞ்சிதா?" என்று கேட்டுக்கொண்டே ஜோயல் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். எங்கள் டீம் லீட், நல்லவன், எப்போதும் ஏதாவது தின்றுகொண்டிருப்பான், இப்போது கடலைமிட்டாய். "மடிப்பு இன்னும் வரலை. ஜோயல், இதைப் பாரேன், இவளுக்கு வலப்பக்கம் மேல வருது. செத்தவங்களுக்குத்தான் அப்படிப் போடுவாங்க." அவன் குனிந்து பார்த்தான், படத்தையும் பார்த்தான். "படத்துல அப்படித்தானே இருக்கு?" "இருக்கு." "அப்புறம் என்ன. அவங்க ஊரு துணி, அவங்களுக்குத் தெரியாததா." "தெரியாம வரைஞ்சிருந்தா?" "நிரஞ்சனா, மதியம் ஜப்பான் வீடியோ கால்ல ஹோஷினா சான் இருப்பாங்க. அவங்ககிட்ட போய் உங்க டிரஸ் தப்புன்னு நாம சொல்லணுமா? நல்லாவா இருக்கும்?" நல்லாவா இருக்கும் என்ற வார்த்தை ஒரு முள் மாதிரி மாட்டிக்கொண்டது. நீ வந்தா நல்லா இருக்கும். யாருக்கு. அம்மாவுக்கா, பார்க்கிறவர்களுக்கா, பெண்ணே வந்து நின்றுவிட்டாள் என்று பெரியப்பா வீட்டில் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதற்கா. அம்மா அப்படிக் கணக்குப் போடுகிறவள் இல்லை. இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும். "என்ன, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?" என்று ஜோயல் கேட்டான். "ஒண்ணும் இல்லை, தூக்கம்." "லஞ்சுக்குப் போ முதல்ல. வந்து மடிப்பை முடி." போகும்போது அரைக் கடலைமிட்டாயை என் கீபோர்டு ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான்.

கேன்டீன் கண்ணாடி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு தெரியும். தண்ணீர் வற்றியிருந்தது, நாரைகள் தூரத்தில் நனைத்துப் போட்ட வேட்டிகள் மாதிரி அங்கங்கே நின்றன. தயிர்சாதத்தைத் திறந்து வைத்துவிட்டு போனை எடுத்தேன். பதில் பதிவு செய்ய வட்டத்தை அழுத்தினேன், அம்மா என்றேன், அதற்குமேல் வரவில்லை, அழித்தேன். மறுபடி அழுத்தினேன், அம்மா கேட்டேன்மா, என்றேன், அது கடைக்காரரிடம் பேசுவது மாதிரி இருந்தது, அழித்தேன். எழுதிப் பார்த்தேன். சந்தோஷம் என்று எழுதினால் பொய், வருத்தம் என்று எழுதினாலும் பொய். இரண்டுக்கும் நடுவில் தமிழில் ஒரு வார்த்தை இல்லாமலா போய்விடும். அம்மாவின் பதிவை மூடிவிட்டு, போனிலேயே குறிப்பைத் திறந்து நரிகளிடமே போனேன். ஹோஷினா சான் அனுப்பிய குறிப்பின் முதல் பக்கத்திலேயே, வெயிலடிக்கும்போது மழை பெய்தால் நரிகள் கல்யாண ஊர்வலம் போகின்றன என்று இருந்தது. முதல் தடவை அதைப் படித்த அன்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இது எங்கள் ஊர்க் கதை அல்லவா, காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று சின்ன வயதில் நனைந்துகொண்டே கத்தியிருக்கிறோமே. கடல் தாண்டிப் போனதில் காக்கா மட்டும் எங்கோ தவறி விழுந்துவிட்டது, நரி நரியையே கட்டிக்கொண்டுவிட்டது. அந்த ஊர்வலத்தை மனுஷர்கள் பார்க்கக்கூடாது என்று அங்கே சொல்வார்களாம். பார்த்தால் நரிகளுக்குக் கோபம் வரும். அதே குறிப்பில் இன்னொரு கதையும் இருந்தது, அதை நான் இத்தனை நாள் சும்மா தாண்டிப் போயிருக்கிறேன். நரி ஒன்று பெண்ணாகி ஒருவனைக் கட்டிக்கொண்டு வாழ்கிறது, குழந்தை பிறக்கிறது, சமைக்கிறாள், நெய்கிறாள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் அவள் தன்னை மறந்து பூவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அங்கி நுனிக்குக் கீழே வால் எட்டிப் பார்த்துவிடுகிறது. அதைப் பார்ப்பது புருஷன் இல்லை, குழந்தை. பார்த்துவிட்டதால் அவள் காட்டுக்குப் போய்விட வேண்டும். போய்விடுகிறாள்.

தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். போன தடவை ஊருக்குப் போனபோது காலையில் எழுந்து சமையலறைக்கு வந்தேன், அம்மா ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு காலை மற்றொரு காலின்மேல் வைத்து, விரலால் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு. அதில் என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காலை அப்படி வைத்து நிற்கிற பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா என்றால் இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்கும். வாசலில் என் நிழல் விழுந்ததும் காலைக் கீழே வைத்துவிட்டாள், அப்புறம் பேசுறேன் சார் என்றாள், எனக்குக் காபி கலக்கினாள். நானும் கேட்கவில்லை. ஒன்றும் பார்க்காத மாதிரி காபி குடித்தேன். பார்த்ததுதான் தப்பாகிவிட்டதோ என்று இப்போது கேன்டீனில் உட்கார்ந்து யோசிக்கிறேன், அசட்டுத்தனம், அம்மா எங்கே போய்விடப் போகிறாள், ஸ்ரீரங்கத்தில் மணவாளன் சாரின் வீட்டுக்குப் போவாள், காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வீடு. ஆனாலும் தாண்டித்தானே போக வேண்டும். அவரை எனக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் வீட்டு மோட்டார் ஓடாமல் நின்றபோது வந்து பார்த்தார், பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார், அம்மா மேலேயிருந்து டார்ச் பிடித்தாள். சரியானதும் உப்புமாவுக்குச் சர்க்கரை கேட்டார். கழுத்தில் விசில் கயிறு அடையாளம், வெயில் படாத ஒரு வெள்ளைக் கோடு. மோசமானவராக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும், வர மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் எழுதியிருப்பேன். அவர்மேல் குற்றமே கிடைக்கவில்லை. அப்பா உப்புமாவுக்கு ஊறுகாய்தான் வைத்துக்கொள்வார் என்பதைத் தவிர.

வீடியோ கால் ஆரம்பித்தபோது ஜோயல் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான், வலப்பக்கம் வசுமதி மேடம். ஜப்பானிய மொழி தெரிந்தவர், அவர்கள் பேசுவதை எங்களுக்குச் சொல்வார், நாங்கள் பேசுவதை அவர்களுக்கு. திரையில் ஹோஷினா சான், சான் என்பது நம் மேடம் மாதிரி ஒரு மரியாதை. அம்மா வயதுதான் இருக்கும், குட்டையாக வெட்டிய நரை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. இந்த விளையாட்டில் யார் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர்தான். தலைத்துணி மடிப்பு இன்னும் கனமாக விழ வேண்டும் என்றார், பிறகு வேறு ஏதோ சொன்னார், வசுமதி மேடம் சிரித்துக்கொண்டே, "பழைய பட்டுங்கறாங்க, தங்க நூல் எல்லாம் வேண்டாமாம்" என்றார். வால் நுனி எவ்வளவு தெரியலாம் என்று கொஞ்ச நேரம் போயிற்று. ஜோயல் நோட் எடுத்துக்கொண்டே இருந்தான். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, வேறு ஏதாவது கேட்கணுமா என்று ஹோஷினா சான் கேட்டார். ஜோயல் இல்லை என்று தலையசைத்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் திறந்துவிட்டது. "மேடம், இதைக் கேளுங்க. இந்தப் பொண்ணு கதையில உயிரோட இருக்காங்களா, இறந்துட்டாங்களா?" வசுமதி மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைச் சொன்னார். ஹோஷினா சான் தலையைச் சாய்த்தார், உயிரோடுதான் என்றார். "அப்படின்னா கழுத்துல வலப்பக்கம் மேல வருதே. படத்துலயே அப்படி இருக்கு." ஜோயலின் பேனா நின்றது. ஹோஷினா சான் கண்ணாடியை மேலே தள்ளி, திரைக்குள்ளேயே வந்துவிடுகிற மாதிரி கிட்டே வந்து பார்த்தார். பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து கையால் வாயை மூடிக்கொண்டார், சிரிக்கிறாரா திகைக்கிறாரா என்று தெரியவில்லை. நீளமாகப் பேசினார். வசுமதி மேடம் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "வரைஞ்ச பையன் கண்ணாடி முன்னால நின்னு எடுத்த போட்டோவைப் பார்த்து வரைஞ்சிருக்கானாம். அங்க இருக்கற எல்லாரும் பார்த்திருக்காங்க, தானும் கையெழுத்துப் போட்டாங்களாம், ஒருத்தருக்கும் கண்ல படலைங்கறாங்க. கல்யாணப் பொண்ணை சாவுக்கு உடுத்தி அனுப்பியிருப்போம், வெளியூர்லேர்ந்து ஒருத்தி பிடிச்சுட்டாளேன்னு சொல்றாங்க. நன்றி சொல்லச் சொல்றாங்க." ஹோஷினா சான் எழுந்து நின்று தலை குனிந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் எழுந்து குனிந்தேன், மேஜையில் நெற்றி இடித்தது, ஜோயல் வாய்விட்டுச் சிரித்தான், அந்தப் பக்கத்திலும் சிரித்தார்கள்.

பிறகு அவரே ஒன்று சேர்த்துச் சொன்னார். முகம் சரியாக வரவில்லையாம். நான் மெல்லிய புன்னகை வைத்திருந்தேன், படத்தில் முகம் பாதி நிழலில் இருந்ததால் என் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். "புன்னகை வேண்டாங்கறாங்க," என்றார் வசுமதி மேடம், "சோகமும் வேண்டாமாம். இவ சின்னப் பொண்ணு இல்லை, நிறைய பார்த்தவ, தானே முடிவு பண்ணித்தான் கிளம்பறா. யார்கிட்டயும் அனுமதி கேட்கலை. ஆனா பின்னால தன்னோட ஆளுங்க விளக்கைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்களான்னு அவளுக்குத் தெரியாது. ஊர்வலத்துல மணப்பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பாம, வர்றாங்களான்னு காதால கேட்டுக்கிட்டே நடக்கற முகம். அது வேணுமாம்." ஹோஷினா சான் வசுமதி மேடம் பேசி முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், புரிந்ததா என்று கேட்பது போல. புரிந்தது என்றேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இடத்துக்கு வந்து முதலில் கழுத்தை மாற்றினேன். வலப்பக்கத்தை உள்ளே அனுப்பி இடப்பக்கத்தை மேலே எடுத்துப் போட்டேன், அது ஒரு சின்ன வேலை, கடலைமிட்டாய் தீர்வதற்குள் முடிந்துவிட்டது. முகம்தான். உதட்டு ஓரத்தை இறக்கினேன், புன்னகை போயிற்று, பெண் கோபமாக இருந்தாள். புருவத்தைத் தளர்த்தினேன், அழப்போகிறவள் மாதிரி ஆனாள். கண் இமையைக் கொஞ்சம் தாழ்த்தினேன், தூக்கம். வரலைன்னாலும் தப்பா நினைக்க மாட்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்கிற வாய் எப்படி இருக்கும் என்று என் வாயாலேயே மெல்லச் சொல்லிப் பார்த்தேன், மானிட்டரின் இருண்ட ஓரத்தில் என் உதடு அசைவது தெரிந்தது. எனக்கு அந்த முகம் தெரியாது. காலையிலிருந்து குரலைத்தான் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறேன். போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, எத்தனை தடவை பேசி அழித்தபிறகு அம்மா இதை அனுப்பினாளோ. அழித்திருப்பாள், கண்டிப்பாக அழித்திருப்பாள், நான் மட்டும்தான் அழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். தப்பா நினைக்க மாட்டேன் என்று சொல்லும்போது கண் எங்கே பார்த்திருக்கும். சுவரில் இருக்கும் அப்பா படத்தையா, வெளியே தெருவையா. எனக்கு எதற்காகப் பயமாக இருக்கிறது என்று ஒருவாறு தெரிந்தது. அம்மா போய்விடுவாள் என்பதற்கு இல்லை. நான் வராமல் போனாலும் அவள் போவாள், தப்பாகவே நினைக்காமல் போவாள், அந்தக் காலையில் அவள் பக்கத்தில் யார் நின்றார்கள், கையெழுத்துப் போடும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியாமலே இருக்கும். கையை வரைகிற டேப்லெட்டிலிருந்து எடுத்தேன். ஏசிக் காற்றில் விரல் சில்லென்று இருந்தது. போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனேன், அங்கே யாரும் வரமாட்டார்கள், அந்தச் சின்ன ஜன்னலில் ரோட்டின் சத்தம் மட்டும் வரும்.

ஒரு ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். "சொல்லுடி" என்றாள். நூலகத்தில் இருக்கிறாள், பின்னால் மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது, யாரோ பெண் புத்தகத்தை மேஜையில் வைக்கிற சத்தம். "சாப்ட்டியாம்மா?" "ஆச்சு. நீ?" "தயிர்சாதம்." கீழே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு பாட்டுப் பாடியது. "வியாழக்கிழமைக்கு என்ன புடவைம்மா?" என்று கேட்டேன். எங்கிருந்து வந்தது இந்தக் கேள்வி, இதைக் கேட்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. நடக்கிறாள் போலிருந்தது, மின்விசிறிச் சத்தம் தேய்ந்து, வெளியே காக்காச் சத்தம் வந்தது, வராந்தாவுக்கு வந்திருப்பாள். "இருக்கறதுல ஒண்ணு கட்டிக்கிறேன். அந்த மணல் கலர் நல்லாத்தானே இருக்கு." "அது வேண்டாம்." "ஏண்டி, நீ வாங்கிக் கொடுத்தது." "வேண்டாம்மா. நான் செவ்வாய்க்கிழமை ராத்திரியே கிளம்பி வர்றேன். புதன்கிழமை கடைக்குப் போலாம்." அழுகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்தினேன், மூச்சு மட்டும் கேட்டது, சீராகத்தான் இருந்தது, கொஞ்சம் வேகமாக. "லீவு கொடுப்பாங்களா?" என்று கேட்டாள். "கொடுப்பாங்க. இன்னைக்கு என்னை மெச்சியிருக்காங்க, கேட்டா கொடுப்பாங்க." "எதுக்கு மெச்சினாங்க?" "ஒரு துணியைச் சரியா உடுத்திவிட்டேன். வந்து சொல்றேன்." "சரி," என்றாள், பிறகு தயங்கி, "அரக்கு கலர் எனக்கு நல்லா இருக்குமா? இந்த வயசுல?" இந்தக் கேள்வியை அவள் யாரிடம் கேட்டிருக்க முடியும் என்று நினைத்தேன். மணவாளன் சாரிடம் கேட்டிருக்க மாட்டாள். "கட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான் சொல்வேன்." "சொல்லு," என்றாள் அம்மா. வைக்கப்போனவளை நிறுத்தினேன், ஏனென்றால் ஒன்று மட்டும் எனக்குத் தெரியவே இல்லை, வியாழக்கிழமைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அம்மா, நான் அவரை என்னன்னு கூப்பிடறது?" வராந்தாவில் மணி அடித்தது, பெண்கள் வகுப்பிலிருந்து வெளியே வருகிற இரைச்சல் அவளைச் சுற்றி ஏறியது, அதற்குள்ளிருந்து அம்மா ரொம்பவும் யோசித்து, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்.

"சார்னே கூப்பிடுடி. நானே இன்னும் அப்படித்தான் கூப்பிடறேன்."